மாட்டுக்கிட்ட போனா அம்மாவுக்கு ஏன் இளைக்குது?

வணக்கம் மக்களே. பின்னாடி நிக்கிறது நம்ம செவலை, இப்பதான் கறந்து முடிச்சேன். ரெண்டு மாசமா கறக்குறது நான்தான். அம்மா எங்க, வீடியோவுலயே காணோமேன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க.

அம்மா 25 வருஷமா மாடு வெச்சிருக்காங்க. போன வருஷம் தும்மல் ஆரம்பிச்சுது. மூக்குல தண்ணி, கண்ணு அரிப்பு. பனின்னு விட்டுட்டோம். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிட்டு இளைப்பாங்க. நெஞ்சுல விசில் சத்தம் எனக்கே கேக்கும். திருப்பூர்ல மாமா வீட்டுல பத்து நாள் இருந்தாங்க, ஒரு தும்மல் இல்ல. திரும்பி வந்த சாயங்காலம் செவலைய நார் வெச்சு தேச்சாங்க பாருங்க, கால் மணி நேரத்துல மூச்சு வாங்குது. மாடு நக்கின கையில பட்டை பட்டையா தடிப்பு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

அலர்ஜி டாக்டர்கிட்ட போனோம். முன்னங்கையில சொட்டு சொட்டா மருந்து விட்டு லேசா குத்துனாங்க. மாட்டு முடி சொட்டு வெச்ச எடம் கொசு கடிச்ச மாதிரி வீங்கிடுச்சு. இந்த டெஸ்ட்டுக்குப் போறவங்க அலர்ஜி மாத்திரைய எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுட்டுப் போங்க. போட்டுட்டுப் போனா வீக்கமே வராம போயிடலாம். இன்னொண்ணு, கை வீங்குனாலே வியாதின்னு இல்ல. சில பேருக்கு வீங்கும், தொந்தரவே இருக்காது. அம்மாவுக்கு ரெண்டும் இருக்கு.

மாட்டோட தோல்ல வேர்வைச் சுரப்பியில ஒரு புரதம் ஊறுது, பேரு பாஸ் டி 2. முடியிலயும் பொடுகுலயும் ஒட்டிக்கிட்டு காத்துல பறக்கும். பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமான்னு கேப்பீங்க. பால் அலர்ஜி வேற, அம்மா இப்பவும் பால் காபிதான் குடிக்கிறாங்க. ஃபின்லாந்துல குளிருக்கு மாசக்கணக்குல மாட்ட உள்ளயே கட்டுவாங்க. 1980, 90கள்ல அங்க வேலையால வர்ற ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணமே இந்த மாட்டுப் பொடுகுதான்.

"மாட்டோடயே வளந்தவங்களுக்கு வராது"ன்னு பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா சொன்னாங்க. அதுல பாதி உண்மை. அமெரிக்காவுல ஆமிஷ் மக்கள் வீட்டுக்குப் பக்கத்துலயே மாடு கட்டி பழைய முறையில பண்ணையம் பண்றவங்க, அவங்க குழந்தைகளுக்கு ஆஸ்துமா ரொம்பக் கம்மின்னு 2016-ல ஆராய்ச்சி வந்துச்சு. ஆனா அது குழந்தைக்கு. வளந்தப்புறம் தெனமும் இந்த தூசியில நிக்கிற சில பேருக்கு, உடம்பு பழகப் பழகத்தான் எதிர்க்க ஆரம்பிக்குது.

மாட்ட வித்துடலாம்னு சித்தப்பா சொன்னார். அம்மா ஒரே அழுகை. விக்கல. இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறாங்க. தண்ணி தெளிக்காம நான் கூட்டுறதில்ல. தவுடு கொட்டுறப்ப என்95 மாஸ்க். கொட்டாய்ச் சட்டைய திண்ணையிலயே கழட்டிட்டு, தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள போறேன். ஏன்னா இந்தப் பொடுகு துணியில ஒட்டி மெத்தை வரைக்கும் போயிடுது, கொட்டாய்க்கே போகாம படுத்திருந்தாலும் இளைக்கும்.

கேக்குதா? அம்மா திண்ணையில இருந்து கூப்பிடுறாங்க, செவலை பதிலுக்குக் கத்துது. சரி, தண்ணி காட்டணும், வரேன்.