கெட்டுப்போன ஜாபைத் தூக்கி எறியாதீர்கள்
(வேலூரில் தொழிற்பயிற்சி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் பயிற்றுநர் நண்பர்களே, வணக்கம்.

கூட்டுக் கற்றலுக்கான தொழில்நுட்பம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வாட்ஸ்அப் குழுவும் அதில் குவியும் பாடக்குறிப்புகளும்தான். தொழிற்பயிற்சிக்கான மத்திய அரசின் பாரத்ஸ்கில்ஸ் இணையதளத்திலும் பாடநூல்களும் வினாவங்கிகளும் காணொளிகளும் உள்ளன, அவை பயனுள்ளவை. ஆனால் இவையெல்லாம் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்ளும் வகை. ஒருவர் செய்ததை இன்னொருவர் திருத்தி, அந்தத் திருத்தம் மூன்றாமவருக்கும் உதவும்படி பதிவாகி நிற்பதையே கூட்டுக் கற்றல் என்பேன். 1995இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் தொடங்கிய விக்கி முறையின் அடிப்படை இதுதான்: படிப்பவரே எழுதவும் திருத்தவும் செய்யலாம்.

வெல்டிங் வகுப்பை எடுத்துக்கொள்வோம். பயிற்றுநர் செய்துகாட்டும்போது சுற்றி நிற்கும் இருபது பேரில் நான்கைந்து பேருக்குத்தான் கறுப்புக் கண்ணாடி வழியே உருகிய குழம்பு தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது வெளிச்சமும் புகையும்தான். அதே கறுப்புக் கண்ணாடியைக் கைப்பேசியின் கேமரா முன் பொருத்திப் படம் பிடித்தால், வெல்டிங் ராடு எந்தச் சாய்வில் நகர்கிறது, அதன் நுனியில் எரியும் மின்பொறியான ஆர்க் எங்கே நீள்கிறது என்பதை எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது மாணவனின் சொந்த ஜாப், அதாவது அவன் பயிற்சியில் செய்து முடிக்கும் துண்டு. வெல்டிங் தையலின் ஓரத்தில் அண்டர்கட் எனும் பள்ளம் விழுந்திருந்தால் அவன் அதைப் படமெடுத்து, தான் வைத்த கரண்ட் அளவோடு குழுவில் இட வேண்டும். கரண்ட் கூடுதலா, ஆர்க் நீண்டதா, கை வேகமாக ஓடியதா என்று மற்றவர்கள் காரணம் சொல்ல வேண்டும். பயிற்றுநர் கடைசியில்தான் பேச வேண்டும். நான் பல ஆண்டுகள் கெட்டுப்போன ஜாபைப் பழைய இரும்புத் தொட்டியில் போடச் சொன்னவன். அந்தத் தொட்டியில் எத்தனை பாடங்கள் போயின என்று இப்போது வருந்துகிறேன்.

ஆனால் இங்கே போடும் படத்துக்கு மதிப்பெண் குறைத்தால், மறுநாள் முதல் நல்ல ஜாப்கள் மட்டுமே குழுவுக்கு வரும்.

மொழியும் இதில் சேரும். அரத்தால் தேய்ப்பதைப் புத்தகத்தில் ஃபைலிங் என்று படிப்பவன் பட்டறையில் ராவுவது என்று கேட்கிறான். இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தும் டெம்பரிங் என்பதைக் கொல்லர் தோய்ச்சல் என்கிறார். இரண்டையும் இணைக்கும் சொற்பட்டியலை மாணவர்களே எழுதட்டும். எழுதத் தயங்குபவர் குரல் பதிவாகச் சொல்லட்டும்.

தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகும்போது ஒருவர் சிப்காட்டிலும், ஒருவர் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையிலுமாகச் சிதறிவிடுகிறார்கள். அப்போதுதான் இந்தக் குழு மிகவும் தேவைப்படுகிறது. பல ஆலைகளுக்குள் படமெடுக்க அனுமதி கிடையாது, அது நியாயமும்கூட. ஷிப்டு முடிந்து கையால் வரைந்த படமும், அன்று கற்றதைப் பற்றிய இரண்டு நிமிடப் பேச்சும் போதும். வீட்டில் ஒரே கைப்பேசியை அண்ணனோடும் அப்பாவோடும் பகிர்ந்துகொள்ளும் மாணவிக்கு இதுவும் எளிதன்று. அவளுக்காக நிலையத்தின் கணினி அறையை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டுமென முதல்வர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பிரிவில், ஒரே ஒரு பயிற்சியை வைத்து, ஒரு மாதம் செய்து பாருங்கள். குழுவில் இடும் முதல் கெட்ட ஜாப் பயிற்றுநராகிய உங்களுடையதாக இருக்கட்டும்.