விலகிப் போகிறவருக்கும் நெருக்கம் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். தவிர்ப்பு ஆளுமைக் கோளாறைப் பற்றி, ஆங்கிலத்தில் அவாய்டன்ட் பர்சனாலிட்டி டிஸார்டர் என்பதைப் பற்றி, பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரிதான ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2001-02இல் எடுத்த பெரிய ஆய்வு ஒன்றில் இது ஏறக்குறைய 2.4 சதவீதம் பேரிடம் தெரிந்தது. ஆண் பெண் இருவருக்கும் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காதல் முறிந்த மறுநாளே "அவர் அவாய்டன்ட் டைப்" என்று முத்திரை குத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் பிணைப்புப் பாணி, அதாவது உறவு நெருங்கினால் கொஞ்சம் தள்ளி நிற்கிற சுபாவம். அது நோய் இல்லை. இந்தக் கோளாறு உறவோடு நிற்பதில்லை. வேலை, நட்பு, புது அறிமுகம் என்று எல்லா இடத்திலும் "நான் மட்டம், என்னைத் தெரிந்துகொண்டால் ஒதுக்கிவிடுவார்கள்" என்கிற எண்ணம் இளவயதிலிருந்தே கூடவே வரும்.

தியடோர் மில்லன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969இல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். மனிதர்களே தேவையில்லை என்று ஒதுங்குகிறவர் ஒரு வகை; மனிதர்கள் வேண்டும், ஆனால் பயத்தால் ஒதுங்குகிறவர் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், உள்ளே இருப்பது நேர் எதிர். 1980இல் வந்த அமெரிக்க நோய்க்கண்டறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது. இன்றைய பதிப்பு ஏழு அறிகுறிகளைச் சொல்கிறது, அவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். அந்த ஏழில் ஒன்று, கேலி செய்துவிடுவார்களோ, அவமானப்பட வேண்டியிருக்குமோ என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே தன்னை அடக்கிக்கொள்வது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் குடும்பம் நடத்துகிறவர்கள் அன்றாடம் முட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு இந்தக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம், மனைவிக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். மனைவி களைத்துப் போய் வந்து "அப்புறம் பேசலாம்" என்கிறார். கணவர் காதில் அது "உன்னோடு பேசப் பிடிக்கவில்லை" என்று விழுகிறது. என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார், கேட்டு அது உண்மையாகிவிட்டால்? அதனால் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாள் பேச்சில்லை. மனைவிக்கு எரிச்சல் வருகிறது, குரல் உயர்கிறது, பார்த்தாயா நான் நினைத்தது சரிதான் என்று கணவரின் மனம் சாட்சியைக் குறித்துக்கொள்கிறது. இதில் யாருமே யாரையும் நிராகரிக்கவில்லை, ஆனால் இருவருமே நிராகரிக்கப்பட்டவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

இன்னொன்று, சண்டை வந்தால் இவர்கள் உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். நல்ல குணம் என்று தோன்றும், ஆனால் பல நேரம் அது பேச்சை முடித்துக்கொள்கிற வழி. தனக்கு என்ன பிடிக்கும் பிடிக்காது என்பதைக்கூடச் சொல்லாமலே வருஷங்கள் ஓடிவிடும்.

இப்படி ஒதுங்குவதை ஏன் விட முடிவதில்லை? விருந்துக்கு வரவில்லை என்று சொன்ன அந்த நிமிஷமே மனசு லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் வில்லன். போயிருந்தால் யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை, அதனால் அடுத்த அழைப்பு இன்னும் பயமாக இருக்கும். துணை என்ன செய்கிறார்? பாவம் என்று தானே தொலைபேசியை எடுக்கிறார், தானே தனியாக விசேஷங்களுக்குப் போய் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்கிறார். அன்பில்தான் செய்கிறார், பயத்துக்கு அது தீனியாகிவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கம், பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சபையில் நிறுத்துவது, அதுவும் வேலைக்காகாது. பத்து நிமிஷம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது பல பேருக்கு ஒத்துவருகிறது. குறை சொல்ல வேண்டியிருந்தால் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆளைச் சொல்லாமல் நடந்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "என்னைப் பிடிக்குமா" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரு தடவை மனதாரப் பதில் சொன்னால் போதும், இருபது தடவை சொன்னால் இருபத்தொன்றாவது கேள்வி வரும்.

அதற்காகத் துணை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரணம் புரிந்துவிட்டதால் வலி போய்விடாது. துணைக்கும் தனியாக நண்பர்கள் வேண்டும், தேவைப்பட்டால் ஆலோசகரும் வேண்டும்.

சரி, சிகிச்சை. இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வருகிற மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் மருந்து தரலாம். முக்கியமானது பேச்சுச் சிகிச்சைதான். எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சின்ன வயதிலிருந்து ஊறிப்போன எண்ணங்களைச் சரிசெய்யப் பார்க்கும் ஸ்கீமா சிகிச்சை, பயம் கொஞ்சம் தணிந்த பிறகு குழுச் சிகிச்சை என்று வழிகள் உண்டு. மாதக் கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷங்களும் ஆகும். சிக்கல் என்னவென்றால், சிகிச்சையாளரும் ஒரு மனிதர்தானே, அவர் என்ன நினைப்பாரோ என்று அவரிடமும் மறைப்பார்கள், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் முதல் நாளே "நான் பாதியில் காணாமல் போகிற ஆள்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நின்றுபோனவர் என்றால் விளக்கம் எதுவும் வேண்டாம், "மறுபடி வரலாமா" என்று ஒரு வரி அனுப்புங்கள். சிகிச்சையாளர்களுக்கு இது பழகின விஷயம்.