பட்டு ஸ்காஃபில ஃபெல்ட் பூ வச்சா ஏன் சுருங்குது?

கல்முனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிரிக்கிறா: "பட்டு ஸ்காஃப் ஒண்டில ஃபெல்ட் பூ வெட்டி வச்சு, ஓரம் சுத்திவர மெஷினால அடிச்சன். பூவைச் சுத்தித் துணி சுருங்கிப் போச்சு. கழுத்தில போட்டா ஒரு பக்கமா வழுகி விழுது. என்ன செய்யலாம்?"

ஓம், இது கனபேர் கேக்கிற ஒண்டு. பட்டு மெல்லிசு, மூலைக்கு மூலை இழுத்தா நீளும். ஃபெல்ட் அப்பிடி இல்ல, அது நெய்த துணியே இல்ல, நாரை அமத்திச் செஞ்சது. சுத்திவரத் தைச்சா அந்த வட்டத்துக்குள்ள பட்டு மாட்டுப்பட்டுப் போகும். வெளியில இரிக்கிற பட்டு தொங்கும், உள்ள இரிக்கிறது தொங்க ஏலாது. அதுதான் அந்தச் சுருக்கு.

அதால ஓரத்தைத் தைக்காதீங்க. ஃபெல்ட் வெட்டின இடத்தில இழை பிரியாது தானே, பிறகென்னத்துக்கு ஓரம் அடிக்கிற? பூவுட நடுவைப் பிடிச்சாக் காணும், இதழெல்லாம் சும்மா நிக்கட்டும். இந்தா பாருங்க, பட்டுக்குப் பின்பக்கம் அதே பட்டில நகத்தளவு துண்டொண்ட ரெண்டா மடிச்சு வைக்கிறன். மெல்லிய கை ஊசி, பின்னால இருந்து குத்தி, துண்டு, பட்டு, ஃபெல்ட் எல்லாத்துக்குள்ளாலயும் மேல எடுத்து, ஒரு மணியைக் கோத்துத் திருப்பி இறக்கிற. மூண்டு நாலு தரம் போதும். நூலை இறுக்கி இழுக்காதீங்க. இழுத்தா உடனே குழி விழும், தெரியுதா?

பூ வைக்க முதல் ஸ்காஃப் ஓரத்தை மடிச்சுத் தைச்சு முடிச்சிரோணும். மெஷினில எண்டா 60/8 நம்பர் மெல்லிய ஊசி, கிடைக்காட்டி 70/10. மழுங்கின ஊசி இழையை இழுத்துத் துணியில கோடு போட்டுரும்.

வழுகிறதுக்குக் காரணம் பாரம். ரெண்டு தலைப்பிலயும் சரிக்குச் சரி பூ வைங்க. கழுத்துப் பக்கம் ஒண்டும் வேணாம். நம்மட வெயிலுக்கு அந்த இடத்தில வேர்வை ஊறி ஊறியே பட்டு பழுதாகிரும்.

சிவப்பு, கறுப்பு ஃபெல்ட் வாங்கினா, தைக்க முதல் ஒரு துண்ட நனைச்சு வெள்ளத் துணியில அமத்திப் பாருங்க. சாயம் இறங்கினா அதைப் பட்டில வைக்கவே வேணாம். அயன் பண்ணுற வேலையையும் பூ வைக்க முதலே முடிச்சிருங்க. கடையில வாற ஃபெல்ட்டில கனக்க பொலியெஸ்டர், சூடு பட்டா மினுங்கி விறைச்சுப் போகும்.

சுத்திவரத் தையல் போட்டுத்தான் பாக்கோணும் எண்டு ஆசை இருந்தா, பக்கத்தில தானே மருதமுனை, கைத்தறிப் பருத்திச் சால்வை ஒண்டு வாங்குங்க. பட்டை விடத் தடிப்பு, ஃபெல்ட்டைத் தாங்கும்.

இப்ப கையில இரிக்கிறதை எறிஞ்சிராதீங்க. பின்பக்க நூலை ஒவ்வொரு தையலா நறுக்கி, பூவை மெதுவா எடுங்க. ஊசி குத்தின ஓட்டை பட்டில அப்பிடியே நிக்கும். அதால பழைய பூவை விடக் கால் அங்குலம் பெரிசா ஒண்டு வெட்டி, அந்த இடத்திலயே நடுவில மட்டும் பிடிச்சு விடுங்க. ஓட்டையெல்லாம் இதழுக்குக் கீழ போயிரும்.