திறந்து பார்க்க முடிகிற பொருள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் குன்னூர் மக்களே, வணக்கம்.

'மனதுக்கு நிறைவு தருவது பழைய பொருளும் நிதான வாழ்க்கையுமா, புதிய பொருளும் வேக வாழ்க்கையுமா?' என்பது தலைப்பு. நான் பழைய பொருளின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி இரண்டு கேள்விகளை வைத்தார். பழசு மேல் ஆசை என்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குதானே என்றார். நெஞ்சுவலி வந்தால் மலை ரயிலிலா கோயம்புத்தூருக்குப் போவீர்கள் என்றும் கேட்டார்.

போக மாட்டேன் தம்பி. ஆம்புலன்ஸில்தான் போவேன். உயிர் காக்கும் வேகத்தை எங்கள் அணி எதிர்க்கவே இல்லை. சாப்பாடு, பேச்சு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் ஆம்புலன்ஸ் ஓட்டமாக ஆக்கிவிட்டோமே, எங்கள் வருத்தம் அதில்தான்.

சரி, வசதிக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காலால் மிதித்து ஓட்டுகிற தையல் மெஷின், அதாவது கால் மெஷின், ஒன்று இருக்கிறது. அம்மா பகலெல்லாம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ராத்திரி அதில் ஜாக்கெட் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். தோல் பெல்ட் அறுந்தால் முனையில் ஓட்டை போட்டுக் கம்பிக் கொக்கியால் தானே இணைப்பார். நூல் சிக்கினால், அடிநூல் சுற்றிய உருளை இருக்கும் பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். மெக்கானிக் எங்கள் வீட்டுப் படி ஏறியதாக எனக்கு நினைவே இல்லை. நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்குப் புது எலக்ட்ரானிக் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வருஷம் உள்ளே ஏதோ போர்டு போய்விட்டது. கடையில் கேட்டால், 'பார்ட்ஸ் வராதுங்க, புதுசு வாங்கிக்கோங்க' என்றார்கள். இப்போது சொல்லுங்கள், எது வசதி உள்ளவர்களின் சங்கதி? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது பணம் இருப்பவருக்குத்தான் முடியும்.

பழைய பொருள் நம்மை இழுப்பது அதன் வயசால் அல்ல, நடுவர் அவர்களே. அதைத் திறந்து பார்க்கலாம். எப்படி ஓடுகிறது என்று கண்ணால் காணலாம். நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். ஏன் இவ்வளவு மெதுவாக? கல்லாறு தாண்டினால் குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஒரு அடி என்கிற கணக்கில் ஏற்றம். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் நடுவே பல் வைத்த சட்டம் போட்டார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. முன்னால் இழுக்காமல் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர். ஆறு வயசில் அப்பா என்னைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அந்தப் பல்லைக் காட்டி விளக்கினார், அன்றைக்கே புரிந்துவிட்டது. என் பையனுக்கு என் போனைத் திறந்து நான் எதைக் காட்டுவேன்? மலை கேட்கிற வேகம் அது, அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். 2005ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னம் ஆக்கியது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அதற்குப் புது நீராவி எஞ்சினே கட்டினார்கள். பழசைத் திறந்து பார்க்க முடிந்ததால்தானே மறுபடியும் கட்ட முடிந்தது?

நம் நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்களின் பூவேலையும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். அவசரப்பட்டால் எண்ணிக்கை தப்பும்.

எதிரணித் தலைவர் ஊட்டி இந்து நகரைக் காட்டி, 'பிலிம் தொழிற்சாலை என்ன ஆனது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டதில் வேலை போன குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். பழங்கால இனிப்பைப் பேசி அவர்கள் வலியை நான் மறைக்க மாட்டேன். பிலிம் தோற்றது உண்மை. ஆனால் ஒரு ரோலில் 36 படம்தான் என்பதால், அப்பா கேமரா பட்டனை அமுக்குவதற்கு முன்னால் எங்களை நிற்க வைத்து, தலை வாரி, வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எடுப்பார். பாட்டி பாக்கு இடிக்கிற படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இருட்டில்கூட பீரோவில் கை வைத்தால் எடுத்துவிடுவேன். என் போனில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. போன தீபாவளிக்கு அம்மாவை எடுத்த படத்தைப் போன வாரம் ஒரு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நான் கட்டியிருக்கும் இந்தப் புடவைக்கு ஜாக்கெட்டை நேற்று ராத்திரி அந்தக் கால் மெஷினில் நான்தான் தைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, 'பெல்ட் தளர்ந்திருக்கு, கொஞ்சம் வெட்டிக் குறை' என்றார். குறைத்தேன், சரியாக ஓடியது. நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.