மணியின் நாக்கைக் கட்டாதீர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, வாசிகசாலைச் செயலாளர் அவர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க. போன கூட்டத்தில் கிராம அலுவலரை விட்டுவிட்டு மூன்று மாதம் அவர் வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போனவன் நான். கிராம அலுவலர் அவர்களே, வணக்கம்.

தோலும் உள்நோயும் என்பது தலைப்பு. சீனி, இதயம், சிறுநீரகம், ஈரல் என்று நான்கையும் தொடுவதாகச் செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பது வருஷம் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, இருந்து நான் கற்றதை நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தோலில் காண்பது மணி.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன். பதினேழு வயது, நல்ல பருமன். பின்கழுத்து கன்னங்கரேலென்று இருக்கும். தாய்க்கு அது ஊத்தை. தேசிக்காய் தேய்த்தார். பீர்க்கம் நாரால் உரஞ்சினார். அதற்கும் போகாமல் தேங்காய்த் தும்பால் உரஞ்ச, பெடியன் போட்ட சத்தத்தில் என்னுடைய நாய் எழும்பிக் குரைத்தது. பிறகு கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினார். ஊற்றி என்ன, போன கழுத்துத்தான் திரும்பி வந்தது. கடைசியில் சந்தையில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினார். இவ்வளவும் என் வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. அப்போதிக்கரி ஐயா என்ன செய்தார்? பேப்பர் வாசித்தார்.

கண்டுபிடித்தவர் சலூன்காரர். முடி வெட்டத் துணியைக் கட்டியவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஊத்தையில்ல. என்ட மச்சானுக்கும் இப்பிடித்தான் கறுத்தது. அம்மாட்டச் சொல்லி ஒருக்கா சீனி பாருங்க” என்றிருக்கிறார். தாய் கொதித்துப்போய் என்னிடம் வந்தார்: “சலூன்காரன் எப்ப ஐயா டொக்டரானவன்?” அப்போதுதான் நான் கண்ணாடியைப் போட்டேன். வெறும் வயிற்றில் பார்த்தால் சீனி 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது. 126 என்றால் சலரோகம். யானை படலையடியில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. பெடியன் சோடாவை விட்டான், பின்னேரத்தில் கடற்கரையால் நடந்தான். அடுத்த வருஷம் கழுத்து வெளுக்கத் தொடங்கியது. சலூன்காரருக்கு இப்போது அந்த வீட்டுப் பொங்கல் தவறாமல் போகிறது. எனக்கு வருவதில்லை.

இதற்கு அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது அது இரத்தத்தில் பெருகும். பெருகிய இன்சுலின் தோலின் கலங்களை வளரத் தூண்ட, கழுத்தும் கமக்கட்டும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுக்கும். மெலிந்த வயோதிபருக்குத் திடீரென்று பரவினால் அது வேறு கதை, வயிற்றில் புற்றுநோய் இருக்கலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதயத்துக்கு வருவோம். பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளில் சொரியாசிஸ், அதாவது தோல் சிவந்து தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய், உள்ள சுமார் 1,30,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. கடும் சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 3 மடங்கு. அறுபது வயதில் அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. ஆகவே இளையவர்கள்தான் கவனிக்க வேண்டும். கோப்பன்ஹேகனில் 12,745 பேரை முப்பது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். கண்ணிமையில் மஞ்சள் கொழுப்புத் திட்டு இருந்தவர்களுக்கு, இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், மாரடைப்பு கூடுதலாக வந்தது. 2011இல் வெளியிட்டார்கள். இமையிலேயே மணி கட்டியிருக்கிறது, கண்ணாடி பார்க்கும் நமக்குத்தான் கேட்கவில்லை.

சிறுநீரகம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். அந்தத் தாய் வாங்கிய கிறீமை நான் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன என்று இல்லை. வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல்வழியே இறங்கிச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கும், சிறுநீரில் புரதம் போகும், கால் வீங்கும். வேறு சிலவற்றில் கடும் ஸ்டீரொயிட். அதைப் பங்கசால் வரும் தோல் படையில் பூசினால் சிவப்பு மறையும், பங்கசு உள்ளே பரவும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து 2013இல் கையெழுத்திட்ட மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுசாதனங்களை 2020க்குப் பிறகு செய்யவும் ஏற்றியிறக்கவும் கூடாது என்றது. சந்தையில் பெயரில்லாத டப்பா இன்னும் விற்கிறது. கறுப்பாய்ப் பிறந்த பிள்ளையைக் குறைப்பிள்ளை என்று சொல்லச் சொன்னது யார்? கல்யாணத் தரகர்களும் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நாமோ காசு கொடுத்து மணியின் நாக்கைக் கட்டுகிறோம்.

ஈரலுக்குச் செயலாளர் இன்னொரு கூட்டம் வைக்கட்டும். இன்று ஒரு காரியம் ஆக வேண்டும். உள்ளடக்கம் அச்சிடாத கிறீம்களைக் கடைகளில் சோதிக்கக் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. சுகாதாரப் பரிசோதகருக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம். தேநீருக்கு முன்னம் கையெழுத்து வையுங்கள். பேனையை நூலால் கட்டியிருக்கிறேன், போன முறை மூன்று பேனை போனது.