பதறாத காரியம் சிதறாது

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, துறைத்தலைவர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்தாரே (அந்தக் காசுக்கு ஆய்வகத்துக்கு இரண்டு லென்ஸ் வாங்கியிருக்கலாம், சரி), கடைசி வரிசைத் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தாமதம், நேரியலற்ற தன்மை (போட்ட அளவுக்கு நேர் விகிதத்தில் பலன் வராதது), நிறப்பிரிகை (நிறத்துக்கு நிறம் ஒளி வேறு வேகத்தில் போய்ப் பிரிவது) என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒளிக்கும் அதே கதைதான்.

எங்கள் ஊர் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு. மைக்செட்காரர் ஒரு குழாயைக் கோயில் வாசலிலும், இன்னொன்றைக் குளத்தங்கரைப் பனையிலும் கட்டிவிட்டார். நடுவே 340 மீட்டர் இருக்கும். "தந்தனத்தோம்" என்று பாட்டுக்காரர் பாடினால், ஒரு விநாடி கழித்துக் குளமும் "தந்தனத்தோம்" என்றது. அவருக்குத் தாளம் தப்பியது. கோபத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வாசல் குழாய் பக்கம் திரும்பினார் பாருங்கள், "கூஊஊ" என்று ஓர் ஊளை! முன்வரிசைப் பாட்டி எழுந்து சாமியாடத் தொடங்கிவிட்டார். மைக்செட்காரர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கியும் அம்மன் மலையேற அரைமணி நேரம் ஆயிற்று.

வெளியே போன சத்தம் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்து, பெருகி, மறுபடி போகிறது. 1979இல் ஜப்பானிய இயற்பியலாளர் கென்சுகே இகேடா இதை ஒளிக்குச் சொன்னார். கண்ணாடிகளால் அமைத்த வளையம். நடுவே, ஒளிச்செறிவு கூடினால் ஒளிவிலகல் எண் மாறும் ஊடகம். உள்ளே விடுவது சீரான ஒளிதான். ஓர் அளவைத் தாண்டினால் வெளியே வருவது தாறுமாறான துடிப்பு.

இகேடா கணக்கில் தாமதம் ஒன்றே. வளையத்தை ஒளியிழையில் செய்தால் நிறத்துக்கு ஒரு தாமதம். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி என்பது பொதுக் கணக்கு. 1550 நானோமீட்டர் ஒளியில், வழக்கமான இழையில், ஒரு நானோமீட்டர் நிற வேறுபாட்டுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோவிநாடி (விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று) முன்பின் ஆகும். நூறு கிலோமீட்டரில் 1700 பிக்கோவிநாடி. விநாடிக்குப் பத்து கிகாபிட் வேகத்தில் செய்தி அனுப்பினால் ஒரு பிட்டுக்கு உள்ள இடமோ 100 பிக்கோவிநாடிதான். அடுத்தவன் இலையில் கை வைத்த மாதிரி!

நிறப்பிரிகையால் வரும் இந்தச் சிதறலை நேரியலற்ற தன்மையைக் கொண்டே கட்டலாம் என்று 1973இல் ஹசெகாவா, டாப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள், சொலிட்டான் அது, வடிவம் குலையாமல் போகும் ஒளித்துடிப்பு. அதை விரிவாகச் சொல்ல ஆசை, ஆனால் வட்டாட்சியர் கடிகாரம் பார்க்கிறார். நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனின் விளைவுக்கும் இதில் பங்குண்டு. இழையின் கண்ணாடி அணுக்கள் ஒளிக்குச் சற்றுப் பிந்தித்தான் அசைகின்றன.

பதறாத காரியம் சிதறாது. ஆனால் நான் படித்த கல்லூரியில் பதறவுமில்லை, காரியமும் நடக்கவில்லை. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி மூன்று வருடமும் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது. செய்முறைத் தேர்வன்று துணியை விலக்கித் தூரத்திலிருந்து காட்டினார்கள். முப்பட்டகத்தில் மஞ்சளும் ஊதாவும் பிரிவதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்க்காமல், நிறப்பிரிகைச் சமன்பாட்டை எழுதி என்ன பயன்? வாரம் மூன்று மணி நேரமாவது பீரோ திறந்திருக்க வேண்டும் என்று பத்து வருடமாக மனு போடுகிறேன்.

இங்கேயும் வரும்போது ஒரு பீரோ பார்த்தேன், முதல்வர் ஐயா. சாவி யாரிடம் என்று மட்டும் சொல்லுங்கள். தேநீர் குடித்ததும் பிள்ளைகளோடு அங்கே வந்துவிடுகிறேன். வணக்கம்.