கடைசிப் பந்திக்காரர்கள்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, லண்டனில் அபூர்வமாக வெயிலடிக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக வீணாக்கிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். இதற்கு மேல் போனால் நடுவர் கை மணிப் பக்கம் போகும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஜாம்பீஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' என்ற, கனவில் மிதக்கிற மாதிரியான சைக்கடெலிக் ராக் ஆல்பம் இன்றும் வாழக் காரணம் படைத்தவர்களின் திறமையா, கேட்டவர்களின் அன்பா? நான் கேட்டவர்கள் பக்கம். வீட்டில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "பேய்ப் படத்துக்கெல்லாமா பட்டிமன்றம் வைக்கிறார்கள்?" என்றார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

ஆல்பத்தைக் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். செயின்ட் பாங்கராஸில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் செயின்ட் ஆல்பன்ஸ் வந்துவிடும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் ஐந்து பேர். கீபோர்டு ராட் ஆர்ஜன்ட், பாட்டு காலின் பிளன்ஸ்டோன், பேஸ் கிட்டார் கிறிஸ் ஒயிட், கிட்டார் பால் அட்கின்சன், டிரம்ஸ் ஹ்யூ கிரண்டி. 1964ல் 'ஷீ இஸ் நாட் தேர்' பாட்டு அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அப்புறம் இறங்குமுகம். 1967ல் சிபிஎஸ் கம்பெனி ஒரு ஆல்பம் செய்ய ஆயிரம் பவுண்டு கொடுத்தது. பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' முடித்துவிட்டுப் போயிருந்த அபே ரோடு ஸ்டுடியோவில் இவர்கள் நுழைந்தார்கள். ஜான் லெனனின் மெலட்ரான் அங்கேயே கிடந்தது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு டேப் ஓடி, புல்லாங்குழலாகவோ வயலினாகவோ ஒலிக்கும் பெட்டி அது. ஆர்க்கெஸ்ட்ரா வைக்கக் காசில்லாத பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆர்ஜன்ட் உட்கார்ந்து வாசித்துவிட்டார். அட்டைப்படம் வரைந்த நண்பர் தலைப்பில் எழுத்துப் பிழை விட்டார், அதையும் திருத்தவில்லை.

டிசம்பர் 1967ல் குழு கலைந்தது. ஏப்ரல் 1968ல் ஆல்பம் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். கடை திறக்கும்போது கடைக்காரர் இல்லை.

சரி, எதிரணித் தலைவர் அண்ணனிடம் வருகிறேன். அண்ணன் நன்றாகத்தான் பேசினார். பாட்டெழுதிய ஆர்ஜன்டும் ஒயிட்டும் கைக்காசு போட்டு ஸ்டீரியோ மிக்ஸ் செய்த கதையைச் சொன்னார். நானும் கை தட்டினேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் எங்களைப் பார்த்து ஒன்று சொன்னாரே: "ரசிகர்கள் யார் தெரியுமா? பந்தி முடிந்து இலை எடுக்கும்போது உள்ளே வந்து, 'சமையல் பிரமாதம்' என்று ஏப்பம் விடுகிறவர்கள். 1968ல் எங்கே போயிருந்தீர்கள்?"

அரங்கமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார், பார்த்தேன். நான் ஐந்து குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் நடுவர் அவர்களே, மெலட்ரான் பற்றி ஒன்று, நாலு டிராக்கில் குரல்களை அடுக்கியது பற்றி ஒன்று. எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் வேறெதுவும் பேசுவதாக இல்லை.

எங்கே போயிருந்தோம் என்று கேட்கிறீர்களே, பத்திரிகை வைத்தீர்களா அண்ணே? சிபிஎஸ்ஸின் அமெரிக்கக் கம்பெனியான கொலம்பியாவுக்கு இந்த ஆல்பத்தை வெளியிடவே விருப்பமில்லை. அல் கூப்பர் என்று ஓர் இசைக்கலைஞர், அப்போதுதான் கொலம்பியாவில் தயாரிப்பாளராகச் சேர்ந்தவர், லண்டனுக்கு வந்தபோது ஒரு கட்டு ரெக்கார்டு வாங்கிக்கொண்டு போனார். போட்டுக் கேட்டதில் இது ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. நேரே முதலாளி கிளைவ் டேவிஸிடம் போய், இதை விட்டுவிடாதீர்கள் என்று நின்றார். கடைசியில் டேட் என்ற துணை லேபிளில் வெளியிட்டார்கள். "அவர் சம்பளம் வாங்கும் தயாரிப்பாளர், ரசிகர் இல்லை" என்று அண்ணன் குறிப்பெடுக்கிறார், தெரிகிறது. அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேர் சம்பளம் வாங்கினார்கள். சண்டை போட்டவர் இவர்.

அப்போதும் கம்பெனி என்ன செய்தது? முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக, 'புட்சர்ஸ் டேல்' பாட்டை விட்டது. முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் கை நடுங்கும் ஒரு கசாப்புக்கடைக்காரனின் புலம்பல், கால் மிதி ஆர்மோனியத்தோடு, பாடகரே இல்லாமல் பேஸ் கிட்டார்காரர் பாடியது! வியட்நாம் போர் நடக்கிறதே, ஓடும் என்று கணக்கு. ஓடவில்லை. அப்புறம் 'டைம் ஆஃப் தி சீசன்'. முதலில் பேஸ் கிட்டார், ஒரு கைத்தட்டல், உடனே "ஹா" என்று ஒரு மூச்சு. அந்த மூச்சில்தான் அமெரிக்கா விழுந்தது. 1969ன் ஆரம்பத்தில் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடம். அதை ஒலிப்பதிவு செய்த அன்று பிளன்ஸ்டோனுக்கும் ஆர்ஜன்டுக்கும் சண்டை. இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்று ஆர்ஜன்ட் திருத்த, "அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு" என்று பிளன்ஸ்டோன் எகிறியிருக்கிறார். அந்தக் கோபம் துளிகூடக் குரலில் கேட்கவில்லை. இதற்கு நான் திறமை என்று சொல்லக் கூடாது. அணி மாறிவிட்டதாக நடுவர் எழுதிக்கொள்வார்.

இனிமேல்தான் கதை. பாட்டு அமெரிக்கா முழுக்க ஒலிக்கிறது. மேடையில் பார்க்க வேண்டும் என்று கூட்டம் துடிக்கிறது. பாடினவர் எங்கே? லண்டனில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து வாருங்கள், பணம் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். ஆர்ஜன்டும் ஒயிட்டும் அடுத்த குழுவுக்கான வேலையில் இறங்கிவிட்டார்கள், வர மாட்டோம் என்கிறார்கள்.

மிச்சிகனில் ஒரு கம்பெனி யோசித்தது. ஜாம்பீஸ் வர மாட்டார்கள், சரி. ஜாம்பீஸ் வந்தே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? நாலு பேரைப் பிடித்து, "இன்றிலிருந்து நீங்கள்தான் ஜாம்பீஸ்" என்று அனுப்பிவிட்டது. நான் கட்டிச் சொல்லவில்லை அய்யா, நடந்தது. அந்த நாலு பேரும் டெக்சாஸ்காரர்கள். அசலில் ஐந்து பேர், அதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இது மட்டும் என் கற்பனை. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஒரு பையன் காசு சேர்த்து டிக்கெட் வாங்கி முன்வரிசையில் நிற்கிறான். விளக்கு எரிகிறது. நாலு பேர் வருகிறார்கள். "ஐந்தாமவர் எங்கே?" என்று பக்கத்தில் கேட்கிறான். "பாத்ரூம் போயிருப்பார்." முதல் பாட்டு முடிகிறது, வரவில்லை. மூன்றாம் பாட்டும் முடிகிறது. "உடம்பு சரியில்லையோ?" மேடையில் இருப்பவர் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார், செயின்ட் ஆல்பன்ஸ்காரர் வாயில் அப்பட்டமான டெக்சாஸ் ஆங்கிலம். "இங்கிலாந்தில் தெற்குப் பக்கம் போலிருக்கிறது" என்று பையன் தலையாட்டுகிறான். கற்பனை முடிந்தது, கண்ணைத் திறக்கலாம். அண்ணே, நீங்களும் திறக்கலாம்.

அந்த நாலு பேரில் இருவர் யார் தெரியுமா? டஸ்டி ஹில், ஃப்ராங்க் பியர்ட். பின்னாளில் 'ஸிஸி டாப்' என்று உலகத்தையே கலக்கிய குழுவின் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்! டஸ்டி ஹில்லை மார்பு வரை தாடியோடு பார்த்திருப்பீர்கள். அவர் தாடி வளர்க்கும் முன்னால் ஜாம்பியாக இருந்திருக்கிறார்.

இதோடு முடிந்ததா? இல்லை. அதே கம்பெனி அதே சமயத்தில் இன்னொரு போலி ஜாம்பீஸையும் அனுப்பியது. ஒரே நேரத்தில் இரண்டு போலி ஓடுகிறது, அசல் ஒன்றும் ஓடவில்லை! இருபது வருஷம் தள்ளி, 1988ல் இன்னொரு கூட்டம் கிளம்பியது. இவர்கள் படித்தவர்கள். குழுவின் பெயர்ப் பதிவு காலாவதியாகிக் கிடந்ததைப் பார்த்துத் தங்கள் பெயரில் பதிவே செய்துகொண்டார்கள். அசல் டிரம்மர் பெயர் ஹ்யூ கிரண்டி அல்லவா? பெயரில் ஹ்யூ கிரண்டி என்று வருகிற வேறொரு மனிதரைத் தேடிப் பிடித்தார்கள். அவருக்கு வந்ததோ பேஸ் கிட்டார். "கிரண்டி இப்போது டிரம்ஸை விட்டுவிட்டு பேஸுக்கு மாறிவிட்டார்" என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் பிடித்தவரின் உழைப்பை நினைத்துப் பாருங்கள்!

நடுவர் சிரிக்கிறார், ஆனால் "தலைப்புக்கு வா" என்று அந்தச் சிரிப்பில் எழுதியிருக்கிறது. வந்துவிட்டேன். திறமை எங்கே இருந்தது? இன்சூரன்ஸ் ஆபீஸில். மேடையில் ஒரு சொட்டு அசல் கிடையாது. கூட்டம் வந்ததா? வந்தது, காசு கொடுத்து வந்தது. போலிக்கே இவ்வளவு அன்பு காட்டியவர்களைப் பார்த்து, ஏப்பம் விட வந்தவர்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கைக்காசுக் கதைக்கும் ஒரு வார்த்தை. சிபிஎஸ் கேட்டது மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒன்றாக வருவது; கடைசியில் இரண்டு பக்கமும் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோவும் வேண்டும் என்றது, பணம் தர மாட்டேன் என்றது. இரண்டு பேர் தங்கள் ராயல்டியிலிருந்து கொடுத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் வரும் பித்தளை வாத்தியங்களைத் தனி டிராக்கில் பதியாமல், மோனோ மிக்ஸ் நடக்கும்போதே நேராகச் சேர்த்துவிட்டார்கள். ஸ்டீரியோவுக்குப் பிரிக்க முடியவில்லை, பாவனை ஸ்டீரியோதான் போட்டார்கள். எந்தப் பதிப்பில் வாத்தியம் எப்படிக் கேட்கிறது என்று அரை நூற்றாண்டாகத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் யார்? நாங்கள்! அந்த இருவரும் கைக்காசு போட்டது ஏன்? தங்கள் ஆல்பத்தின் மேல் இருந்த ஆசையால். அந்த நிமிடம் அவர்களும் ரசிகர்கள்தான். அவர்களையும் எங்கள் அணியில் எழுதிக்கொள்ளுங்கள் அய்யா.

அண்ணே, ஒரு கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? முதல் பந்திக்கு ஓடுகிறவன் விருந்தாளி. சாப்பிட்டான், கை கழுவினான், வெற்றிலையை மடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தான். கடைசியில், ரசம் ஆறி, அப்பளம் நமுத்துப்போன நேரத்தில் உட்காருவது பரிமாறின பையன், அண்டா தூக்கினவர், சமையலறையில் வெந்த பெண்கள், பொண்ணைப் பெற்றவர். வீட்டுக்காரர்கள்! நாங்கள் கடைசிப் பந்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் இது எங்கள் வீடு.

மணியா? அடியுங்கள். ஒரே ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. மெட்டைக் கேட்டால் காலை வெயில் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதோ சிறையில் இருக்கும் ஒருத்திக்கு எழுதும் கடிதம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் தங்குவாயே, வெயில் விழும் அறை, அதை உனக்காக வைத்திருக்கிறேன், சீக்கிரம் வந்துவிடுவாய் என்கிறது. அப்படி அறையை அப்படியே வைத்திருந்தவர்கள், தடுப்பு முகாம் முகவரிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன விளக்க?

2008 மார்ச்சில், இதே லண்டனில், ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் அந்தப் பாட்டோடு தொடங்கி முழு ஆல்பத்தையும் வாசித்தார்கள். குழு கலைந்த பிறகு வந்த ஆல்பம் அல்லவா, அதுவரை அதை முழுதாக மேடையில் யாரும் கேட்டதில்லை. நாற்பது வருஷம். நால்வர் நின்றார்கள், இந்த முறை அசல் நால்வர். ஐந்தாமவர் வரவில்லை. பால் அட்கின்சன் 2004லேயே போய்விட்டார். சற்று முன் "பாத்ரூம் போயிருப்பார்" என்று சிரித்தோமே, அந்த இடம் அன்றைக்கு வெறுமையாக இருந்தது. கீழே நின்றவர்களில் நரைத்த தலைகள் பாதி. வரிக்கு வரி கூடவே பாடினார்கள்.

2019 மார்ச் 29ல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர்களை ஏற்றுக்கொண்டது. 'டைம் ஆஃப் தி சீசன்' அமெரிக்காவின் இன்னொரு பட்டியலான கேஷ்பாக்ஸில் முதலிடம் பிடித்து அன்றைக்குச் சரியாக ஐம்பது வருஷம். 2024ல் ஆர்ஜன்டுக்குப் பக்கவாதம் வந்து, மேடைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். இனி அந்தக் கீபோர்டை அவர் வாசித்து ஊர் ஊராகக் கேட்கப் போவதில்லை.

திறமையா, அன்பா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அய்யா, அண்ணனுக்கே கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்குப் போகும்போது ரயிலில் அந்த முதல் பாட்டை மட்டும் போட்டுக் கேளுங்கள். முடிந்ததும் உங்கள் அக்காவுக்கோ, ஊரில் இருக்கும் தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். நன்றி, வணக்கம்.